மூன்று மணி காட்டும் சிவப்பு நூல்

காலை எட்டு மணிக்கு நேராகப் பார்க்கும் கண், பதினொரு மணிக்குள் எப்படித் தன் மூக்கையே பார்க்கத் தொடங்குகிறது என்பது நயினாருக்குப் பிடிபடவே இல்லை.

அதுவும் எல்லா நாளும் இல்லை. திங்கள் முதல் வெள்ளி வரைதான். சனி ஞாயிறுகளில் அந்தக் கண் சமர்த்தாக இருந்தது. பூஜை விடுமுறை நான்கு நாளும் இம்மி அசையவில்லை. பள்ளி திறந்த அன்று, சொல்லிவைத்தாற்போல, அவன் பாக்கெட்டில் ஃபோன் அடித்தது.

"ஸ்ரீலக்ஷ்மியுடெ அச்சனல்லே? மோளுடெ கண்ணு பின்னேயும் திரிஞ்ஞு கேட்டோ. ஒந்நு வராமோ?"

ஒன்றாம் வகுப்பு பிஜி டீச்சரின் மலையாளக் குரல்: மகளின் கண் மறுபடியும் திரும்பிவிட்டது, கொஞ்சம் வர முடியுமா. நயினார் அப்போது ஆரியசாலையில் ஒரு மளிகை மொத்தக் கடையில், தரையில் மண்டியிட்டு, மின்னணுத் தராசு ஒன்றைக் கவிழ்த்துப் போட்டுத் திருகாணி கழற்றிக்கொண்டிருந்தான். தராசு பழுது பார்ப்பதுதான் அவன் தொழில். "பத்து நிமிஷத்துல வாறேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு மொபெட்டை எடுத்தான்.

பள்ளி வராந்தாவில் அவன் மகள், பள்ளிப் பதிவேட்டில் ஸ்ரீலக்ஷ்மி, மற்றவர்களுக்கு லெச்சு, இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நின்றாள். வயது ஆறு. நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை, சிவப்பு ரிப்பன் கட்டிய இரண்டு குட்டிச் சடைகள். அப்பாவைக் கண்டதும் கையை எடுத்தாள். வலது கண் அவனைப் பார்த்தது. இடது கண் மூக்கின் நுனியைப் பார்த்தது.

"என்னட்டி, மூக்குல என்ன எழுதியிருக்கு? இம்புட்டு உத்துப் பாக்குத?"

"போப்பா" என்றாள் லெச்சு. சிரிக்கவில்லை. போன மாதம் இதே கேள்விக்குச் சிரித்தாள்.

நயினார் குனிந்து, ஒரு விரலால் மேல் இமையைத் தூக்கி, இன்னொரு விரல் நுனியால் கண்ணின் வெள்ளைப் பகுதியை மெல்லத் தொட்டு, கடிகார முள் செல்லும் பக்கமாகச் சற்றே திருகினான். கண் நேரானது. லெச்சு இரண்டு முறை சிமிட்டினாள்.

"வலிக்கா?"

"இல்ல. ஆனா நான் கிளாஸுக்குப் போகல."

அது செயற்கைக் கண். எல்லோரும் நினைப்பதுபோல் அது கோலிக்குண்டு மாதிரி உருண்டையாக இருக்காது. ஒரு பெரிய சட்டைப் பொத்தானைச் சற்றே வளைத்தால் எப்படி இருக்குமோ, அப்படி ஓடு போன்ற ஒரு பொருள். பல்செட் செய்யும் அதே அக்ரிலிக்கில் செய்கிறார்கள். அறுவை சிகிச்சையில் கண்ணை எடுத்த இடத்தில் டாக்டர்கள் ஒரு சிறு உருண்டையை வைத்து, கண்ணை அசைக்கும் தசைகளை அதோடு சேர்த்துத் தைத்துவிடுகிறார்கள். அதன்மேல் சதை மூடி ஆறிவிடும். அந்த மேட்டின்மேல், இமைகளுக்குப் பின்னால், இந்த ஓடு உட்காரும். உள்ளே உருண்டை அசைந்தால் வெளியே ஓடும் கொஞ்சம் அசையும். பசை கிடையாது, கொக்கி கிடையாது. மேல் இமையும் கீழ் இமையும் இரண்டு கைகளைப்போல் பிடித்துக்கொள்வதுதான் அதற்குப் பிடிமானம்.

லெச்சுவின் கண்ணைச் செய்தவள் அஜிதா. கண் மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், ஜன்னலோரத்தில் அவள் மேசை. பல் டாக்டர்கள் அச்செடுப்பதுபோல ஒரு கூழை வைத்து அச்செடுத்து, மெழுகில் வடித்து, அக்ரிலிக்கில் வார்த்து, லெச்சுவை ஜன்னலுக்கு எதிரே உட்காரவைத்து, அவள் வலது கண்ணைப் பார்த்துப் பார்த்துக் கருவிழியை வரைந்தாள். காப்பிப் பழுப்பு, ஓரத்தில் கொஞ்சம் சாம்பல். வெள்ளை விழியில் ஓடும் மெல்லிய நரம்புகளை அவள் வரைவதில்லை. சிவப்புப் பட்டு நூலைப் பிரித்து, அதன் இழைகளை ஒவ்வொன்றாக ஊசிமுனையால் ஒட்டுவாள். அப்படி ஒட்டும்போது ஓர் இழையை மட்டும் காதுப் பக்கமாக நீளமாக விட்டாள்.

"இது அடையாளம், அண்ணா" என்றாள் நயினாரிடம். அவளுக்கு ஊர் பாறசாலை. தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் வரும். "கண்ணை கிளாக்குன்னு நினைச்சோங்க. இந்த நூலு எப்போழும் மூணு மணியில நிக்கணும். ரெண்டுக்கோ ஒண்ணுக்கோ போச்செங்கில் கண்ணு திரிஞ்சிருக்குன்னு அர்த்தம். கருவிழிய ஓட்டுக்கு நடுவில வைக்கல பாருங்க, கொஞ்சம் மூக்குப் பக்கமாட்டு, மேலயாட்டு வச்சிருக்கு. திரிஞ்சா நோட்டமே மாறிப்போவும்."

தராசுக்காரனுக்கு இதைவிட நல்ல விளக்கம் தேவையில்லை. அவனுக்கு அது ஒரு முள். மூன்று மணி என்றால் சரி.

ஏப்ரலில் வைத்த கண் ஆகஸ்ட் வரை மூன்று மணியிலேயே நின்றது. லெச்சு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். ஓணப் பாட்டுப் பாடினாள். பக்கத்தில் உட்காரும் ஜெஸ்லினோடு மாங்காய்த் துண்டுக்குச் சண்டை போட்டாள். ஓணம் லீவு முடிந்து பள்ளி திறந்த பிறகுதான் கண் திரும்ப ஆரம்பித்தது.

முதலில் கண்டுபிடித்து அறிவித்தவள் ஜெஸ்லின். "டீச்சரே, லெச்சுவின்டெ கண்ணு மூக்கு நோக்குந்நு!" என்று அவள் கூவியதும் வகுப்பே திரும்பிப் பார்த்தது. இரண்டு பிள்ளைகள் பயந்து அழுதன. அதற்குப்பின் லெச்சு, பத்தரை மணியானாலே இடது கண்ணைக் கையால் பொத்திக்கொள்ளப் பழகினாள். ஒரு கை எப்போதும் கண்ணில் இருந்தால் எழுதும்போது நோட்டை யார் பிடிப்பது? எழுத்துகள் வரியை விட்டு ஓடின. பலகையில் வந்து படிக்கச் சொன்னால் எழுந்திருக்கமாட்டாள். நவம்பரில், காலையில் செருப்பைப் போட மறுத்துக் கட்டிலுக்கடியில் ஒளிய ஆரம்பித்தாள்.

அவள் அம்மா செண்பகவல்லிக்கு அந்த ஜெஸ்லின்மேல்தான் சந்தேகம்.

"அந்தக் குட்டிதான் விரலை விட்டு ஆட்டுதா. இல்லாட்டி முதல்ல அவளுக்கு எப்படித் தெரியும்?"

"பக்கத்துல இருக்கவ பாக்காம பஸ் டிரைவரா பாப்பான்?"

"உங்களுக்கு எல்லாம் கேலி. எம் பிள்ளை கட்டிலுக்கடியில போய்ப் படுத்துக் கிடக்கா. நான் ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. கிறிஸ்மஸ் லீவுக்குள்ள இது சரியாகலன்னா பள்ளிக்கூடத்தை நிப்பாட்டிருவேன். அம்பாசமுத்திரத்துக்குக் கூட்டிட்டுப் போயி எங்க அம்மா வீட்டுல வச்சிக்கிடுதேன். இவளை நாலு பேரு வேடிக்கை பாக்கதுக்கா நாம அவ்வளவு பாடுபட்டோம்?"

பட்ட பாடு இருவருக்கும் தெரியும். நான்காவது பிறந்தநாளில் ஃபோனில் எடுத்த படத்தில், வலது கண்மணி ஃபிளாஷில் சிவப்பாகத் தெரிந்தது. இடது கண்மணி மட்டும் பூனைக்கண்போல் வெள்ளையாக மின்னியது. ஃபோன்தான் கெட்டுப்போயிற்று என்றாள் செண்பகவல்லி. நயினார் வேறு ஃபோனில் எடுத்துப் பார்த்தான். அதிலும் மின்னியது. விழித்திரையில் கட்டி, சின்னப் பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னார். உயிரும் வலது கண்ணும் தப்ப வேண்டுமானால் இடது கண்ணை எடுத்தாக வேண்டும். எடுத்தார்கள். பிறகு ஆறு தவணை மருந்து. லெச்சுவின் முடி முழுவதும் கொட்டியது. இப்போது வலது கண்ணில் ஒன்றும் இல்லை. சில மாதத்துக்கு ஒருமுறை மயக்கம் கொடுத்துப் பரிசோதிக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் "நல்லாயிருக்கு" என்ற ஒரே சொல்லுக்காக இருவரும் நடைவழியில் காத்திருக்கிறார்கள்.

கண் திரும்ப ஆரம்பித்ததும் நயினார் முதலில் போனது அஜிதாவிடம்தான். கீழ் ஓரத்தில் பிடிமானம் போதவில்லை என்று அவள் கணித்தாள். ஓட்டை வாங்கி, கீழ் விளிம்பில் கொஞ்சம் கனம் சேர்த்து, மெருகேற்றிக் கொடுத்தாள். திங்கட்கிழமை பதினொரு மணிக்கு ஃபோன் வந்தது. அடுத்த சனிக்கிழமை, பிள்ளை வளர்ந்துவிட்டாளோ என்று புதிதாக அச்செடுத்தாள். அச்சு பழையபடியேதான் இருந்தது. மூன்றாவது சனிக்கிழமை, லெச்சுவை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, இரண்டு மணிநேரம் கதை பேசிக்கொண்டே கண்ணைக் கவனித்தாள். நூல் மூன்று மணியில் ஆணி அடித்தாற்போல் நின்றது.

"துடைக்கிறப்போ எப்படித் துடைப்ப மோளே?"

லெச்சு கண்ணை மூடி, காதுப் பக்கமிருந்து மூக்குப் பக்கமாக விரலால் துடைத்துக் காட்டினாள். அஜிதா கற்றுக்கொடுத்த மாதிரியே. மூக்கிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்தால் ஓடு நழுவும் என்பது பிள்ளைக்கு மனப்பாடம்.

"மிடுக்கி" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டு அஜிதா நயினாரைப் பார்த்தாள். "எனக்கு மனசிலாவல அண்ணா. இங்க வச்சா திரியல. இந்த அறையில கண்ணுக்கு ஒரு பிரஸ்னமும் இல்ல."

"இங்க சரியா இருக்கு. அங்க தப்பா இருக்கு" என்றான் நயினார் மெதுவாக.

அந்த வாக்கியம் அவன் வாயிலிருந்து வாரத்துக்கு இரண்டு முறையாவது வரும். கடைக்காரர் தராசு குறைவாகக் காட்டுகிறது என்று கொண்டுவந்து கொடுப்பார். பட்டறையில் சோதனைப் படிக்கல்லை வைத்தால் கிராம் சுத்தமாகக் காட்டும். திரும்பக் கடையில் வைத்தால் குறையும். அப்போதெல்லாம் தராசைப் பிரிப்பதில் பயனில்லை என்பது அவனுக்குத் தெரியும். கடைக்குப் போய் அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒரு கடையில் மல்லி மூட்டையைத் தட்டில் வைக்கும்போது அது பின்சுவரில் லேசாகச் சாய்ந்துகொண்டிருந்தது. மூட்டையின் எடையில் ஒரு பங்கைச் சுவர் வாங்கிக்கொண்டது. தராசு மிச்சத்தைக் காட்டியது. இன்னொரு கடையில் மேலிருந்து மின்விசிறிக் காற்று தட்டை அமுக்கி, எடையைக் கூட்டிக் காட்டவைத்தது. தராசு பொய் சொல்வதில்லை. அதன்மேல் என்ன விழுகிறதோ, எது இழுக்கிறதோ, அதைத்தான் சொல்கிறது.

ஆகவே அவன் பிஜி டீச்சரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை வகுப்பு ஜன்னலுக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தான்.

"ஃபேன் காற்றுதான்னு எனக்குத் தோணுது" என்றார் டீச்சர், அவனுக்காகத் தமிழுக்கு மாறி. "ஓணம் கழிஞ்ஞு இவளுக்கு ஸீட் மாத்திக் கொடுத்து. இப்போ ஃபேனின்டெ நேரே தாழெ, கீழே."

"இன்னைக்கு ஃபேனை நிறுத்திப் போடலாமா டீச்சர்?"

நிறுத்தினார்கள். முப்பது பிள்ளைகளும் வியர்த்து விறுவிறுத்தன. நயினார் சட்டைப்பையிலிருந்த சிறு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தான். ஒன்பதரை: மூன்று மணி. பத்து: இரண்டரை. பத்து இருபது: இரண்டு. பத்து நாற்பது: ஒன்றரை. யாரும் தொடவில்லை. லெச்சு தேய்க்கவில்லை, அழவில்லை. ஜெஸ்லின் தன் ரப்பரைப் பாதியாக உடைத்து லெச்சுவுக்குக் கொடுத்தது ஒன்றுதான் நடந்தது. லெச்சு சிமிட்டிக்கொண்டு மட்டும் இருந்தாள். ஒவ்வொரு சிமிட்டலுக்கும் மயிரிழை அளவு நூல் மேலே ஏறியது. ஏறியது திரும்ப இறங்கவில்லை. பதினொரு மணிக்கு அது ஒரு மணியைக் காட்டியது. கண் மூக்கைப் பார்த்தது.

"ஜெஸ்லின் மேல பழி போடாத. அந்தப் பிள்ளை தங்கம்" என்று வீட்டில் சொன்னான். "ஃபேனும் இல்ல."

"அப்ப என்னதான்?"

"எதோ ஒண்ணு மேல பிடிச்சு இழுக்கு. என்னன்னு தெரியல."

"பேயா?" என்றாள் லெச்சு ஆவலாக.

"உன்னைப் பிடிச்சு இழுக்கப் பேய்க்கு முடியுமா? நீதான் அதை இழுத்துட்டு வருவ."

அந்த ஞாயிற்றுக்கிழமை, கரமனையில் செண்பகவல்லியின் சொந்தக்காரர் வீட்டுக் குழந்தைக்குக் காதுகுத்து. லெச்சுவுக்குப் பச்சைப் பட்டுப் பாவாடை கட்டி, இரட்டைச் சடையில் மல்லிகைச் சரம் வைத்து, செண்பகவல்லி மகளை ஜோடித்துக் கூட்டிப்போனாள். பந்தியில் பாயசம் வரும்போது லெச்சுவின் கை மெல்ல இடது கண்ணுக்குப் போனது.

செண்பகவல்லி அந்தக் கையை விலக்கிப் பார்த்தாள். கண் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமையில். பள்ளிக்கூடமே இல்லாத நாளில்.

அவள் இலையை விட்டு எழுந்துவிட்டாள். நயினார் பிள்ளையை ஓரமாக அழைத்துப்போய்க் கண்ணைத் திருப்பி வைத்தான். வெளியே வந்தபோது அவன் முகத்தில் சிரிப்பு வழிந்தது.

"ஏன் சிரிக்கியோ? இதுவரைக்கும் அங்கதான் திரும்புச்சு. இப்ப ஊரு முன்னாலயும் திரும்புது. சிரிப்பு வருதா உங்களுக்கு?"

"ஏளா, கேளு. ரெண்டு மாசமா நாம பள்ளிக்கூடத்துல தேடிட்டிருந்தோம். பள்ளிக்கூடத்துல இல்ல. அது அவகூடயே வருது."

வீட்டுக்கு வந்ததும் அவன் ஃபோனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தான். செண்பகவல்லி மகளைப் படம் எடுப்பதில் சலிப்பதே இல்லை. நோய் வந்த நாளிலிருந்து அது ஒரு பழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு படத்திலும் அவள் முதலில் பார்ப்பது வலது கண்மணியை. அது சிவப்பாகத் தெரிந்தால் நிம்மதி. நயினார் ஏப்ரலிலிருந்து ஒவ்வொன்றாகப் பெரிதாக்கி, நூலைத் தேடினான். மே: மூன்று மணி. ஜூன், பள்ளியின் முதல் நாள் மாலை: மூன்று மணி. ஜூலை, அப்படியே. ஓணத்துக்கு அத்தப்பூக்கோலத்துக்கு முன்னால், தலையில் மஞ்சள் ஹேர்பேண்டோடு: மூன்று மணி.

அடுத்த படம் ஓணம் லீவு முடிந்து பள்ளி திறந்த நாளில் எடுத்தது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. காலைப் படம் பின்பக்கமிருந்து. முகமே இல்லை. இரண்டு குட்டிச் சடைகளும் இரண்டு சிவப்பு ரிப்பன்களும் மட்டும். மாலைப் படத்தில் முகம் இருந்தது. நூல் இரண்டு மணியில் நின்றது.

அவன் திரும்பவும் பின்னால் போனான். ஹேர்பேண்ட், மூன்று மணி. விரித்த முடி, மூன்று மணி. சனிக்கிழமை, அஜிதாவின் நாற்காலியில்: விரித்த முடி. தலையைச் சாய்க்க வசதியாக இருக்கட்டும், பின்னாமல் கூட்டிட்டு வாங்க சேச்சி என்று முதல் நாளே செண்பகவல்லியிடம் அவள் சொல்லியிருந்தாள். பூஜை விடுமுறை: விரித்த முடி. இன்று காதுகுத்து: இரட்டைச் சடை.

நயினார் எழுந்து கண்ணாடியின் முன் போனான். இடது காதுக்கு மேலே, நெற்றிப்பொட்டில் இருந்த முடியை ஒரு கொத்தாகப் பிடித்துப் பின்னால் மேல்நோக்கி இழுத்தான். கண்ணின் வெளி ஓரம் அதோடு ஏறியது. கீழ் இமை, தளர்ந்து தொங்கும் கொடிக்கயிற்றை யாரோ இழுத்துக் கட்டியதுபோல் தட்டையாக விறைத்தது. ஓட்டைத் தாங்க வேண்டிய கை அது. கை விறைத்தால் பிடி நழுவும். நழுவிய ஓட்டை ஒவ்வொரு சிமிட்டலும், சடை இழுக்கும் திசையிலேயே ஒரு மயிரிழை தள்ளும்.

விடை கிடைத்துவிட்டது. ஆனால் அதை எப்படிச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

மருந்து ஏறிய மாதங்களில், காலையில் தலையணையில் ஒட்டிய முடியை லெச்சு விழிக்கும் முன்பே ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தவள் செண்பகவல்லி. மருந்து நின்ற பிறகு, மொட்டைத் தலையில் பூஞ்சைபோல் முதல் முடி அரும்பியபோது அவனைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, "தொட்டுப் பாருங்க, தொட்டுப் பாருங்க" என்று கையைப் பிடித்து வைத்தவள். அதற்குப்பின் வாரந்தோறும் விரலால் அளந்தாள். ஒரு கணு, இரண்டு கணு, ஒரு விரல். கழுத்தைத் தொட்டதும் சடை போட்டாள். தோளைத் தொடாத முடி சடைக்கு எட்டுமா? முன்னால் இருக்கும் குட்டை முடியெல்லாம் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். அதனால் எண்ணெய் வைத்துப் படிய வாரி, நெற்றியிலிருந்தே இறுக்கி இழுத்து, கறுப்புக் கயிறு சேர்த்துப் பின்னினாள். இடது பக்கம் முடி இன்னும் மெலிவு. அங்கே இன்னும் கொஞ்சம் இறுக்கம்.

"கண்ணாடி முன்னால என்ன செய்யுதியோ?"

அவள் வாசலில் நின்றாள். லெச்சு அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"அப்பா பூனை மாதிரி இருக்கு!" என்று லெச்சு சிரித்தாள். "எம்மா, அப்பாக்கும் சடை போடு. ரிப்பன் கெட்டு."

நயினார் கையை எடுக்கவில்லை. முடியை இழுத்தபடியே மனைவியைப் பார்த்தான். முடியை விட்டான், கண் இறங்கியது. திரும்ப இழுத்தான், கண் ஏறியது. செண்பகவல்லி அவன் கண்ணைப் பார்த்தாள். பிறகு குனிந்து, மகளின் இடது காதுக்கு மேலே விறைத்து நின்ற முடியைப் பார்த்தாள்.

அந்த முடிக்கு அடியில் விரலை நுழைத்துப் பார்த்தாள்; நுழையவில்லை.

"நாந்தானா?" என்றாள்.

"சடைதான்."

"சடையைப் போட்டது யாரு? எதுத்த வீட்டுக்காரியா?" கண் நிறைந்துவிட்டது. "எல்லாரையும் குத்தம் சொன்னேனே. அந்தச் சின்னக்குட்டியப் போயி..."

"தராசு மேல மூட்டையை வைக்கவன், நேரா நிக்கட்டும்னுதான் சுவத்துல சாய்ச்சு வைப்பான். அவனை யாரு என்ன சொல்லுவா? தள்ளி வையின்னுதான் சொல்லணும்."

செண்பகவல்லி தரையில் உட்கார்ந்து மகளை மடியில் இழுத்துக்கொண்டாள். மல்லிகையை எடுத்தாள். ரிப்பனை அவிழ்த்தாள். கறுப்புக் கயிற்றைப் பிரித்து, விரல்களால் முடியைக் கோதிவிட்டாள்.

"ஹப்பா" என்று லெச்சு தலையை உதறினாள்.

அம்மாவின் விரல்கள் நின்றன. "வலிச்சுதா மக்களே?"

"கொஞ்சமா."

"தினமுமா? அப்ப ஏன் எங்கிட்டச் சொல்லல?"

லெச்சு ரிப்பனை விரலில் சுற்றிக்கொண்டே யோசித்தாள். "சடை போடும்போதுதான் நீ பாட்டுப் பாடுவ. வலிக்குன்னா நிப்பாட்டிருவல்லா."

நயினார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். செண்பகவல்லி மகளின் உச்சந்தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் குலுங்கினாள்.

"இனி சும்மாவே பாடுதேன். சடை போட்டாலும் பாடுதேன், போடாட்டாலும் பாடுதேன். போதுமா?"

"அந்த மயில் பாட்டு."

"மயில் பாட்டு."

மறுநாள் திங்கட்கிழமை லெச்சு மஞ்சள் ஹேர்பேண்ட் மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனாள். தராசைச் சரிபார்த்தபின் கல்லை வைத்துப் பார்க்காமல் நயினார் எந்தக் கடையை விட்டும் கிளம்பியதில்லை. ஃபோனைத் தராசுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை பார்த்தான். பத்தரை ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. பதினொன்றே கால் ஆனதும் பொறுக்கமாட்டாமல் அவனே கூப்பிட்டான்.

"டீச்சர், கண்ணு?"

"நேரே. நல்ல நேரே" என்றார் பிஜி டீச்சர். "அவ இப்போ போர்டில படிச்சோண்டு இருக்கா. சத்தம் கேக்குதா?"

கேட்டது.

சனிக்கிழமை மூவரும் அஜிதாவிடம் போனார்கள். நயினார் படங்களை வரிசையாகக் காட்டினான். அஜிதா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"என்டெ தெய்வமே! பின்னாம வாங்கன்னு சொன்னது நானல்லவா? குத்தவாளியை வெளியில நிறுத்திட்டு உள்ள தேடியிருக்கேன்." பிறகு செண்பகவல்லியின் கையைப் பிடித்தாள். "சேச்சி, நீங்க விஷமிக்கண்டா, வருத்தப்படாதீங்க. இமையோட பலம் ஒரு நூலளவுதான். இவ்வளவு சின்ன முகத்தில அது இன்னும் குறைவு. எத்தனையோ பேருக்குக் கண்ணு வச்சிருக்கேன், இது எனக்கே புதுசு."

"சடை போடவே கூடாதா?" செண்பகவல்லி கேட்டாள். அந்தக் கேள்வியை அவள் ஒரு வாரமாக வாயில் வைத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. "தோளுக்கு வந்தா ஸ்கூல்ல ரெட்டைச் சடை கெட்டணும்னு சட்டம். அதுக்காவ மட்டும் இல்ல... எனக்கு ஆசை."

"போடலாமே! எங்க வீட்டுகளில் குளிச்சிட்டுக் குளிப்பின்னல் போடுவோம், பாத்ததில்லையா? முடி கிடக்கிற இடத்தில கிடக்கும். இழுக்கமாட்டோம்." அஜிதா லெச்சுவை நாற்காலியில் உட்காரவைத்தாள். "வாங்க, இப்பவே போட்டுப் பாக்கலாம். நூலு ஏறுதான்னு நான் பாத்துக்கிடுதேன்."

செண்பகவல்லி சீப்பை எடுத்தாள். மயில் பாட்டை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே பின்னினாள். முதல் தடவை நூல் அரைமணிக்குள் இரண்டே முக்காலுக்கு ஏறியது. பிரித்தாள். காதுக்குக் கீழே இறக்கி மறுபடி பின்னினாள். கறுப்புக் கயிறு வேண்டாம் என்று எடுத்துவிட்டாள். அதற்குள் அஜிதா, தான் கீழ் விளிம்பில் சேர்த்திருந்த கனத்தைத் தேய்த்து எடுத்து, ஓட்டைப் பழையபடி மெலிதாக்கிப் பொருத்திவிட்டாள். பிறகு ஒரு மணிநேரம் பார்த்தார்கள். லெச்சு ஆயிரம் முறையாவது சிமிட்டியிருப்பாள். நூல் அசையவில்லை.

திங்கட்கிழமை காலை, பிஜி டீச்சருக்காகப் பள்ளி டைரியில் நயினார் இப்படி எழுதிக்கொடுத்தான்:

'லெச்சுவின் கண்ணைத் திருப்பியது இறுக்கமான சடை. இனி முன்முடியைத் துணி ஹேர்பேண்டில் விடுவோம். சடை காதுக்குக் கீழேதான் தொடங்கும். நெற்றிப்பொட்டுக்கும் முடிக்கும் நடுவே ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும். விரல் நுழையாவிட்டால் ரிப்பனை அவிழ்த்துத் தளர்த்திவிடுங்கள். சிவப்பு நூல் காதைப் பார்த்து, மூன்று மணியில் நிற்கும்.'